டார்வர் கடித்த கை

"கடிச்சேன். சும்மா பல்லு படறாப்ல இல்ல. ரெண்டு வரிசையும் பதியற மாதிரி, நல்லா அழுத்திக் கடிச்சேன்."

லூஷியஸ் டார்வர் இதைச் சொன்னபோது அவருடைய பற்கள் எதிரே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பல்லாலயா சார்?" என்று கேட்டான் மில்ட்.

"இது கடையில வாங்கினது. அப்ப இருந்தது சொந்தப் பல்லு!"

துப்பறிவாளர் இனெஸ் ஹாலோரன் தன் உதவியாளனைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். இருபத்தாறு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்க் கழுத்துவலிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். அந்தப் புருவத்துக்குப் பயந்து கழுத்துப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு. மில்ட் பாஸ்கோ மட்டும் இதுவரை பயந்ததில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க மிஸ்டர் டார்வர்."

முதியோர் இல்லத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் கட்டிலில் விழுந்தது. எண்பத்தாறு வயது. இப்போதும் தோள்கள் கதவை அடைத்துக்கொள்ளும் அகலம். போர்ட் கிளமன்ஸ் ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தடுப்பு வரிசையில் பத்து வருடம் நின்ற தோள்கள்.

"அறுபத்திரண்டு, டிசம்பர் மாசம். ராக்ஃபர்ட்காரங்களோட ஆட்டம். மைதானம் முழுக்கச் சேறு, மேல பனி. கடைசிப் பதினஞ்சு நிமிஷம். நம்ம ஆளு பந்தை உதைச்சான். அவங்க ஆளு பிடிக்கப் போய் நழுவ விட்டான். நானும் எங்க அணி காஸ் டுடெக்கும் ஒண்ணா பாஞ்சோம். என் கை பந்து மேல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு! இன்னொரு கை அதைப் பிடிச்சு இழுத்துது. கடிச்சேன். அப்புறம் பார்த்தா, காஸ் பந்தைத் தூக்கிட்டு நிக்கிறான். பத்திரிகைக்காரன், கணக்கு எழுதறவன் எல்லாரும் காஸ் பேரையே எழுதிட்டான்."

அந்த நீள்வட்டப் பந்து தரையில் கிடந்தால் அதன் மேல் ஆறேழு பேர் குவிவார்கள். குவியலுக்குள் நடப்பது நடுவர் கண்ணுக்கும் தெரியாது. கடவுளும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கடி, கிள்ளு, விரல் முறுக்கு எல்லாம் அங்கே சாதாரணம். மேலே வந்ததும் ஒருவரும் புகார் சொல்வதில்லை.

"கை எப்படி இருந்துது?" என்றாள் இனெஸ்.

"எப்படின்னா?"

"கடிச்சீங்களே. ருசி?"

டார்வர் கண்களை மூடி யோசித்தார். "சோப்பு."

மில்ட் எழுதுவதை நிறுத்தினான். "சோப்பா?"

"ஆமாம்ப்பா, சோப்பு. காஸ் எப்பவும் மாப்பிள்ளை மாதிரி குளிச்சிட்டுதான் வருவான், ராஸ்கல்." பெரியவர் பற்களை எடுத்து மாட்டிக்கொண்டார். குரல் மாறியது. "ஞாயித்துக்கிழமை ஸ்டேடியத்தைச் சுத்தியிருக்கிற கௌரவ வளையத்துல ஒரு பேரைத் திறந்து வெக்கிறாங்க. எதிரணிகிட்டேர்ந்து அதிக தடவை பந்தைப் பறிச்சவன் பேரு. காஸ் இருபத்திநாலு, நான் இருபத்திமூணு. இந்த ஊர்ல என் பேரு எழுதியிருந்த ஒரே இடம் என் வீட்டுத் தபால் பெட்டி. போன வருஷம் வீட்டோட அதையும் வித்துட்டேன். அந்த ஒரு பந்து என்னுதும்மா. அதைக் கண்டுபிடிச்சுக் கொடு."

*

ஸ்டேடியத்தின் கிழக்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஆவண அறை. ஃபிலிப்பா ரென்ஸ் அதன் ராணி. ஸ்டோக்கர்ஸ் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவளிடம் அட்டை உண்டு. ஒவ்வொரு நழுவலுக்கும், ஒவ்வொரு மீட்புக்கும் அட்டை உண்டு. அவளுக்கே ஒரு அட்டை இருக்கும் என்று மில்ட் நம்பினான்.

"இங்க பாருங்க, இவர் முப்பத்தொரு தடவை பந்தை மீட்டிருக்கார்!" அவன் ஒரு அட்டையை உருவினான். "இவர் பேரை எழுதினா சண்டையே முடிஞ்சுதே."

"அவர் குவாட்டர்பேக், நம்ம அணியில பந்தை வீசறவர்," என்றாள் ரென்ஸ், அட்டையை வாங்கி அதே இடத்தில் செருகியபடி. "முப்பத்தொண்ணும் அவரே தவறவிட்டு அவரே விழுந்து எடுத்தது. எதிரணிகிட்டேர்ந்து பறிச்சாதான் கணக்கு."

"அப்படிப் பார்த்தா எங்கம்மா வீட்டுச் சாவியை மீட்கிறதுல உலக சாதனை வெச்சிருக்கணும்."

ரென்ஸ் சிரிக்கவில்லை. இனெஸ் பக்கம் திரும்பினாள். "டார்வர் எனக்கு எழுதின கடிதம் நாப்பத்தி ரெண்டு இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். படம் இருந்தா திருத்தம். படம் இல்லாட்டி வெறும் வாய். நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெயின்டர் சாரம் ஏறுவான். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கணக்கு சமமா இருந்தா?"

"ரெண்டு பேரும் வளையத்துல ஏறுவாங்க. விதி அதுதான்."

அன்றைய ஆட்டத்தின் தட்டச்சுத் தாளை மேசை மேல் வைத்தாள். மங்கிய ஊதா எழுத்துகள். இனெஸ் விரலால் வரியைத் தொட்டாள்.

'ராஸ்க் உதைத்தார். எதிர்க்காற்றில் பந்து பத்தொன்பது கஜமே சென்றது. ராக்ஃபர்ட் வீரர் நழுவவிட்டார். டுடெக் மீட்டார்.'

"இதோட படம்?"

"ஒவ்வொரு ஆட்டத்தோட படத்தையும் கோச்சுங்க மூணா வெட்டிடுவாங்க. நம்ம கையில பந்து இருக்கிற காட்சி ஒரு சுருள். அவங்க கையில இருக்கிறது ஒரு சுருள். உதைக்கிறது எல்லாம் மூணாவது சுருள். முதல் ரெண்டுக்கு அடிச்சுப்பாங்க. மூணாவதை யார் பார்க்கப் போறா?" ரென்ஸ் ஒரு பழைய பதிவேட்டைத் திறந்தாள். அறுபத்திரண்டாம் வருடத்து உதைச் சுருள்கள் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே சொல் எழுதியிருந்தது: குப்பை.

மில்ட்டின் முகம் நிஜமாகவே வாடியது. கல்லூரி அணியில் மூன்று வருடம் அவன்தான் கிக்கர், பந்தை உதைப்பதற்கு மட்டுமே உள்ளே போகும் ஆள். மூன்று வருடமும் கோச் அவனை 'ஏய், நீ' என்றுதான் கூப்பிட்டார்.

"எங்களைக் குப்பைன்னே எழுதி வெச்சிருக்காங்க சீஃப். கோடு போட்டு!"

*

வெள்ளிக்கிழமை மதியம் ஊரில் எல்லோரும் மீன் சாப்பிடுகிற நேரம். போலந்துக்காரர் சங்கத்தின் கூடத்தில் பெர்ச் மீன் பொரிந்துகொண்டிருந்தது. நீள மேசைக் கோடியில் காஸிமிர் டுடெக், எண்பத்தைந்து வயது. இரண்டு தட்டு மீன், ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை, ஒரு குவளை பியர்.

"லூஷியஸ் அனுப்பிச்சானா?" என்றார் எடுத்த எடுப்பில். "உட்காருங்க. சாப்பிடுங்க. பதினஞ்சு வருஷம் அவனுக்குக் கிறிஸ்மஸ் கார்டு அனுப்பிச்சேன். பதினஞ்சும் திரும்பி வந்துச்சு. பதினாறாவது வருஷம், சரி, எதுக்கு வீண் செலவுன்னு திரும்பி வந்த கார்டையே மறுபடி அனுப்பிச்சேன். அதையும் திருப்பிட்டான்!"

"எலுமிச்சைத் துண்டை இப்படித் தள்ளுங்களேன்," என்றாள் இனெஸ்.

டுடெக் தள்ளினார். இனெஸ் அவருடைய வலது கையைப் பார்த்தாள். "உப்பும்." இடது கை வந்தது. பிறகு மிளகு, பிறகு கைத்துடைப்புத் தாள், பிறகு மறுபடியும் உப்பு. மில்ட்டுக்குப் புரிந்துவிட்டது. விரல்கள் நாலாபக்கமும் கோணியிருந்தன, ஒரு நகம் இல்லை. ஆனால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை எங்கேயும் பல் பதிந்த தழும்பு இல்லை.

"அந்தக் குவியல்ல டார்வர் உங்களைக் கடிச்சாரா?"

"என்னையா?" டுடெக் முள்ளைத் துப்பினார். "என்னைக் கடிச்சிருந்தா நானும் திருப்பிக் கடிச்சிருப்பேனே. சும்மா விடற ஆளா நான்? கடைசியில அவன் காதோட வீட்டுக்குப் போயிருக்க மாட்டான்."

"அப்ப பந்து உங்க கைக்கு எப்படிக் கிடைச்சுது?"

"வந்துச்சு."

"வந்துச்சுன்னா?"

பெரியவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முதன்முறையாகக் கொஞ்சம் யோசித்தார். "இருட்டு. என் மேல லூஷியஸோட முழங்கை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். பேக்கரிக்காரன் ரொட்டியை எடுத்துக் கையில வைப்பானே, அது மாதிரி வந்து உட்கார்ந்துச்சு. நான் இழுக்கக்கூட இல்லை. இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேட்டதில்லை, பாருங்க."

"நன்றி," என்றாள் இனெஸ். எழுந்தாள்.

"மீனு?" என்றார் டுடெக்.

"அதை நான் பார்த்துக்கிறேன்," என்று மில்ட் தட்டை அப்படியே காகிதத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

*

காரில் மீன் வாசனை.

"என் கணக்குப்படி கிழவர் ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றார்," என்றான் மில்ட், ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி.

"ரெண்டு பேரும் நிஜம்தான் சொல்றாங்க. அதுதான் இதுல விசேஷம். டார்வர் ஒரு கையைக் கடிச்சார். டுடெக் கையில கடி இல்லை. அப்ப?"

"அது வேற யாரோ கை. ராக்ஃபர்ட்காரன் எவனாவது அடியில கிடந்திருப்பான்."

"ராக்ஃபர்ட்காரன் கையில பந்து இருந்தா, அதை எடுத்து டுடெக் கையில ரொட்டி மாதிரி வைப்பானா?"

மில்ட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"எதிரணிக்காரன் உயிரே போனாலும் விட மாட்டான்," என்று அவளே தொடர்ந்தாள். "கடி வாங்கினவனும் ஸ்டோக்கர்ஸ் ஆளுதான். அவன்கிட்ட பந்து இருந்துது. ஆனா அவனுக்கு அது வேண்டாம். கொடுத்துட்டான். ஏன்?"

"பந்தை வேண்டாம்னு சொல்ற ஆட்டக்காரனா? அப்படி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லை."

"சரி, இதுக்குப் பதில் சொல்லு. சேத்துல மூணு மணி நேரமா ஆட்டம் நடக்குது. கடைசிக் கட்டத்துல யாரோட கை சோப்பு ருசி அடிக்கும்?"

"யாரோடதும் அடிக்காது. சேறு, ரத்தம், எருமைத்தோல், முந்தின நாள் வெங்காயம்..." கார் மெல்ல ஓரம் கட்டியது. "சீஃப்."

"சொல்லு."

"என் கை அடிக்கும்." அவன் தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நாங்க பெஞ்சுல போர்வைக்குள்ள உட்கார்ந்திருப்போம். நாலு தடவை எழுந்து போய் உதைச்சிட்டு வருவோம். எங்க சட்டையைத் துவைக்கக்கூட மாட்டாங்க, அப்படியே மடிச்சு வெச்சிடுவாங்க. ஆனா அது நடக்காது! உதைச்ச கிக்கர் அங்கேயே நிக்கணும். எதிராளி எல்லாரையும் தாண்டி ஓடி வந்தா அவனை மடக்கக் கடைசி ஆள் அவன்தான். குவியலுக்கு ஓடினா கோச் உரிச்சுத் தொங்க விட்டுடுவார்."

"பத்தொன்பது கஜம்தான் போச்சு பந்து. ஓட ஆசைப்பட்டா எட்டற தூரம்தான்."

ஏரிக்காற்று கார்க் கண்ணாடியை உலுக்கியது.

"நிரூபிக்கப் படம் வேணுமே," என்றான் மில்ட். "அது குப்பைக்குப் போயிடுச்சே."

"குப்பைக்குப் போனதை யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா?"

"உதைக்கிற சுருளை எவன் எடுத்துட்டுப் போவான்? எந்தப் பைத்தியக்காரன்..." அவன் பாதியில் நிறுத்தினான். காதுகள் சிவந்தன.

இனெஸ் காத்திருந்தாள். அந்தப் புருவம் உயர்ந்தது.

"சரி! என்னோடது வீட்டுல இருக்கு. காலேஜ்ல தூக்கிப் போட இருந்தாங்க. நான் எடுத்துட்டு வந்துட்டேன். சாக்ஸ் டிராயருக்கு அடியில. போதுமா?"

"போதும். காரை எடு. அன்னிக்கு உதைச்ச எமில் ராஸ்க் எங்க இருக்கார்னு தெரியுமா?"

"தெரியாம? துறைமுகத்துக்குப் பக்கத்துல தூண்டில் கடை. எங்கப்பா அங்கதான் புழு வாங்குவார்."

*

கடைக்குள் நுழைந்ததும் மணி கிணுகிணுத்தது. எமில் ராஸ்க் மெலிந்த மனிதர், எண்பத்துமூன்று வயது, கம்பளித் தொப்பி. கவுன்டரில் ஒரு சிறுமிக்கு மண்புழுக்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் மூன்று விரல் அகலத்தில் தோல் பட்டை போட்ட கைக்கடிகாரம்.

"புழுவா, மீன்குஞ்சா?" என்றார் இவர்களிடம்.

"அறுபத்திரண்டாம் வருஷத்து உதைச் சுருள்," என்றாள் இனெஸ்.

அவர் புழு எண்ணுவதை நிறுத்தினார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்தார். புழு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்தார். "குளிர்ச்சியா இருந்தா ஃபிலிம் கெடாது. இதைக் கேட்டு வர முதல் ஆள் நீங்கதான். யார் அனுப்பினது?"

"லூஷியஸ் டார்வர். பந்து அவரோடதுன்னு சொல்றார்."

"ஓ," என்றார் ராஸ்க். டப்பாவோடு பின்பக்கம் நடந்தார்.

பின்னறையில் ஒரு பழைய புரொஜெக்டர், சுவரில் வெள்ளைப் போர்வை. விளக்கை அணைத்ததும் போர்வையில் பனி பெய்தது. சத்தமில்லாமல் சேற்றுப் பொம்மைகள் ஓடின. பந்து மேலே போனது, காற்றில் திணறியது, கீழே விழுந்தது. ராக்ஃபர்ட் வீரர் தடவினார், நழுவவிட்டார், அவரே வழுக்கி மூன்று கஜம் தள்ளிப் போய் விழுந்தார். நாலா பக்கத்திலிருந்தும் உடல்கள் வந்தன. குவியல். பனித் திரை. அவ்வளவுதான். எழுந்தபோது டுடெக் கையில் பந்து.

"மறுபடி," என்றாள் இனெஸ்.

மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் சரியான நொடியில் கேமராவை யாரோ ஒருவருடைய முதுகு மறைத்தது. டுடெக்கா, டார்வரா, தேவதூதனா, எதுவும் தெரியவில்லை.

"போச்சு," என்றாள் இனெஸ் மெல்ல. அவளே அப்படிச் சொல்லி மில்ட் கேட்டதில்லை. நாளை மதியம் பெயின்டர் ஏறுவான். டுடெக், இருபத்திநாலு. முடிந்தது.

ராஸ்க் எழுந்து புரொஜெக்டரை நிறுத்தக் கை நீட்டினார், கொஞ்சம் அவசரமாக.

"ஓடட்டுமே," என்றான் மில்ட். "அடுத்த உதையையும் பார்த்துடறேன். கிக்கருக்கு மரியாதை."

அடுத்த உதை. ஐந்தாறு நிமிட ஆட்டத்துக்குப் பிறகு எடுத்தது. பத்து சேற்றுப் பொம்மைகள் வரிசையாகக் குனிந்தன. பின்னால் தனியாக, பந்துக்காகக் கை நீட்டியபடி, இளம் எமில் ராஸ்க்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" மில்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "சட்டையைப் பாருங்க சீஃப்!"

காட்சி அப்படியே நின்றது. ராஸ்க்கின் சட்டை முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை சேறு. நடுவயிற்றில் மட்டும் ஒரு துண்டு சுத்தமாக இருந்தது. நீள்வட்டம். முட்டை மாதிரி.

"முந்தின உதையில சட்டை பளிச்சுன்னு இருந்துது. கிக்கர் சட்டையில சேறு எங்கேர்ந்து வரும்? குப்புற விழுந்தாதான் வரும். இந்த இடத்துல மட்டும் ஏன் சேறு ஒட்டலை?" அவன் போர்வையின் மேல் கையை வைத்தான். "ஏன்னா அங்க வேற ஒண்ணு இருந்துது. இந்த உருவத்துல உலகத்துல ஒரே ஒரு பொருள்தான் இருக்கு."

ராஸ்க் காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ராஸ்க்," என்றாள் இனெஸ். "மணி என்ன?"

அவர் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார்.

"வந்ததிலேர்ந்து நாலு பத்துதான் காட்டுது. ஓடாத கடிகாரத்தை எதுக்குக் கட்டிக்கிறீங்க?"

ராஸ்க் பெருமூச்சு விட்டார். பட்டையை அவிழ்த்தார். அடியில் இரண்டு வெளுத்த பிறைகள், ஒன்றையொன்று பார்த்தபடி. மேல் வரிசை, கீழ் வரிசை. டார்வரின் சொந்தப் பற்கள்.

"இருபத்தோரு வயசு," என்றார் ராஸ்க். "எவனும் அது பக்கத்துல இல்லை. பந்து என்னைப் பார்த்துக் கிடந்துச்சு. ஓடினேன். விழுந்தேன். அப்புறம் மேல வீடே இடிஞ்சு விழுந்த மாதிரி ஆச்சு. அடியில கிடக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. ஐயோ, கோச்! எங்க கோச் ஹெக்கர் சட்டம், கிக்கர் நின்ன இடத்தை விட்டு நகர்ந்தா மறுநாள் காலையில லாக்கர்ல ஒரு கவர் இருக்கும். அதுக்குள்ள ஊருக்குப் போற ரயில் டிக்கெட். எனக்கு முந்தின கிக்கர் அப்படித்தான் போனான். அதனால முதல்ல கிடைச்ச கையில பந்தைத் திணிச்சிட்டு, நண்டு மாதிரி பின்பக்கமா ஊர்ந்து வெளிய வந்துட்டேன்."

"கோச் போய் முப்பத்தொரு வருஷம் ஆச்சே," என்றான் மில்ட்.

"தெரியும். அடக்கத்துக்குப் போயிருந்தேன். உறுதிப்படுத்திக்கத்தான் போனேன். இருந்தாலும்..." அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவரை உங்களுக்குத் தெரியாது."

"இதை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?" என்று கேட்டாள் இனெஸ்.

"டிசம்பருக்கு ஒரு தடவை. பத்து வருஷம் ஆடினதுல நான் பண்ண ஒரே நல்ல காரியம். யார்கிட்டயும் சொல்ல முடியலை." தழும்பைத் தடவினார். "இப்பச் சொன்னா காஸ்கிட்டேர்ந்து பிடுங்கற மாதிரி ஆகாதா?"

"ஒண்ணு குறையும். இருபத்திமூணு. டார்வரும் இருபத்திமூணு. ரெண்டு பேரும் மேல ஏறுவாங்க. நீங்க வாயைத் திறக்கலைன்னா ஒருத்தர் கீழேயே நிப்பார்."

ராஸ்க் தொப்பியை எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பேன். நாளைக்கு லேட்டாத் திறந்தா புழு ஒண்ணும் கோவிச்சுக்காது."

*

சனிக்கிழமை காலை பதினொன்றரை. ஆவண அறைக்கு வெளியே பெயின்டர் எழுத்துத் தகடுகளுடன் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஃபிலிப்பா ரென்ஸ் சுருளை இரண்டு தடவை பார்த்தாள். ராஸ்க்கின் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை மூன்று தடவை படித்தாள். பிறகு டுடெக்கின் அட்டையை எடுத்து 24ஐ அடித்து 23 என்று எழுதினாள்.

இனெஸ் காலையிலேயே டுடெக்குக்குச் சொல்லியிருந்தாள். "நல்லதாப் போச்சு," என்று அவர் கத்தியதில் தொலைபேசி அதிர்ந்தது. "இந்த வருஷமாவது அந்தக் கார்டைப் பிரிப்பானா கேளுங்க."

இப்போது டார்வர் முறை. ரென்ஸ் தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"மிஸ்டர் டார்வர், உங்க வழக்கு தோத்துப் போச்சு," என்றாள் இனெஸ். "பந்து உங்களுது இல்லை."

"சரிம்மா," என்றது குரல், மிகவும் சின்னதாக.

"காஸுதும் இல்லை."

"என்னது?"

இனெஸ் சொன்னாள். சேற்றுச் சட்டை, சோப்பு, பிறைத் தழும்பு. இருபத்திமூன்றுக்கு இருபத்திமூன்று. இரண்டு பெயர்களும் ஒரே வரியில்.

"கிக்கரா?" டார்வர் கத்தினார். "நாங்க ரெண்டு பேரும் அறுபது வருஷமா ஒரு கிக்கர்கிட்ட தோத்துப் போயிருக்கோமா?"

மில்ட் தன் வாழ்க்கையிலேயே மிக அழகான புன்னகையைப் புரிந்தான்.

"அவன் அங்க இருக்கானா? எமில்! என் கையும் அங்கதானே இருந்துச்சு! பந்து மேலயே இருந்துச்சு! ஏண்டா அதை அவன்கிட்ட கொடுத்தே?"

ராஸ்க் தொலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தார். "உன்கிட்டதான் கொடுக்கப் போனேன் லூஷியஸ்," என்றார் தயங்கியபடி. "உன் கைதான் முதல்ல வந்துச்சு. அந்த நேரம் பார்த்து நீ கடிச்சுட்டே."

வாசலில் பெயின்டர் கூட நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு ஒலிபெருக்கி வழியே ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். டார்வர் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். தம்ளர் ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

"என் பல்லே எனக்கு எதிரியா இருந்திருக்கு," என்றார் கடைசியில். "ரென்ஸம்மா, என் பேருக்கு எழுத்து சரியாப் போடச் சொல்லுங்க. எமில், நாளைக்கு நீயும் வரணும். முதல் வரிசை. எனக்குப் பக்கத்துல உட்காரு."

ரென்ஸ் ஒரு புதிய அட்டை எடுத்து எழுதினாள். ராஸ்க், எமில். கிக்கர். 1. மை காய்வதற்குள் மில்ட் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

ராஸ்க் அட்டையைப் பார்த்தார். ஓடாத கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் மணிக்கட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"வரேன் லூஷியஸ்," என்றார். "ஆனா நான் காஸ் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்."